அம்மாவின் முடக்கு வாதத்துக்குப் பாசி எண்ணெய் உதவுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பை மாட்டுங்காவில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 61 வயது. முட்டைகூடத் தொடாத சைவம். ஆறு ஆண்டுகளாக முடக்கு வாதம் என்னும் மூட்டு நோய். அதற்காக வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் எழுந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே உதிரி மல்லிகை வாங்கி வந்து தன் கையாலேயே தொடுத்துச் சுவாமி படத்துக்குப் போடுகிறவர், இப்போது கட்டிய சரமாக வாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் நாத்தனார் வெளிநாட்டிலிருந்து பாசி எண்ணெய்ப் புட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ அதெல்லாம் வேண்டாம், சுருள்பாசிப் (ஸ்பைருலினா) பொடியே போதும் என்கிறார். இந்த எண்ணெயால் பயன் உண்டா, எவ்வளவு கொடுக்க வேண்டும், இதைக் கொடுத்தால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில். குறைக்காதீர்கள். என் மூத்த அக்காவுக்கும் இதே நோய்தான். பல ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் யாரோ சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டு, ஓராண்டு முழுக்கப் பொடிகளையும் கஷாயங்களையும் நம்பியிருந்தார். வலி சற்று மட்டுப்பட்டது போலத்தான் இருந்தது. ஆனால் மூட்டுக்குள் எலும்பு அரிபட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. இரண்டு கைகளிலும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பிறகு கொடுத்த எந்த மருந்தாலும் அவை நிமிரவில்லை. வலி குறைவது வேறு, மூட்டு அரிபடுவது நிற்பது வேறு. இரண்டாவதைச் செய்வது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள். எண்ணெய் அவற்றுக்குத் துணையாக நிற்கக்கூடியது. அந்த இடத்தில் அதை வைத்துக்கொண்டு பேசினால் சொல்வதற்கு நிறைய நல்ல செய்தி இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. எண்ணெய், கொழுப்பு வேதியியல் படித்து, முப்பது ஆண்டுகள் எண்ணெய்ச் சோதனைக்கூடங்களில் வேலை பார்த்தவள். ஆகவே புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ஒமேகா-3 என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ஒரு குடும்பம். அதில் நமக்கு வேண்டியவர்கள் மூவர். ஆளிவிதை, கடுகு எண்ணெய், அக்ரூட் ஆகியவற்றில் இருப்பது ஏ.எல்.ஏ.; 18 கார்பன் நீளம். அதைவிட நீண்டவை 20 கார்பன் கொண்ட இ.பி.ஏ.யும் 22 கார்பன் கொண்ட டி.எச்.ஏ.யும். அழற்சியை, அதாவது உடலுக்குள் வீக்கமும் சூடும் வலியுமாக எழும் கிளர்ச்சியைத் தணிப்பதில் பேர் வாங்கியவை நீண்ட இரண்டும்தான். இவை மீனில் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மீன் இவற்றைப் பெரும்பாலும் தான் தின்பதிலிருந்தே பெறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. கடலில் மிதக்கும் நுண்பாசிகள்தான் இந்தக் கொழுப்பை உண்டாக்குகின்றன. அவற்றைக் மிகச் சிறிய மிதவை உயிர்கள் தின்ன, அவற்றை மத்தி தின்ன, மத்தியைப் பெரிய மீன் தின்ன, கொழுப்பு ஒவ்வொரு படியாக ஏறி வருகிறது. பாசி எண்ணெய் என்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே எடுத்தது. மூலக்கூறில் துளி வேறுபாடும் கிடையாது. அம்மாவின் உடலுக்கு அது மீனிலிருந்து வந்ததா பாசியிலிருந்து வந்ததா என்று தெரியப்போவதில்லை.

2020 நவம்பரில் ஜுஹு கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒளிர்ந்தது நொக்டிலுகா என்னும் ஓரணு உயிர். டி.எச்.ஏ. எண்ணெய்க்காகத் தொழிற்சாலைகளில் வளர்க்கும் கிரிப்தெகோடினியம் அதன் தூரத்து உறவு. இன்று சந்தையில் அதிகம் புழங்குவது சைசோகைட்ரியம் என்னும் வேறோர் உயிர். அலையாத்திக் காடுகளில் உதிர்ந்து அழுகும் இலைகளின்மீது வாழும் இனம் அது. ஐரோலிப் பாலத்தைக் கடக்கும்போது இருபுறமும் தெரிகிறதே, அப்படிப்பட்ட சதுப்புகள்தான் அதன் வீடு. உயிரியலாளர்கள் அதை உண்மையான பாசி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வணிகத்தில் பாசி என்ற பெயரே நிலைத்துவிட்டது. இரண்டையும் குளத்தில் வளர்ப்பதில்லை. மூடிய எஃகுத் தொட்டிகளில், வெளிச்சமே இல்லாமல், சர்க்கரையை உணவாகக் கொடுத்து நொதிக்க வைக்கிறார்கள். கடல்நீரின் பாதரசமும் கழிவும் அண்டாத இடம் என்பதால் அந்தக் கவலை இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு விண்வெளிக் கதையும் உண்டு. நீண்ட பயணம் போகும் விண்வெளி வீரர்களுக்கு உணவும் உயிர்வளியும் பாசியிலிருந்து கிடைக்குமா என்று அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், 1985-இல் மேரிலாந்தில் மார்ட்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கடைசியில் அந்த உழைப்பு போய்ச் சேர்ந்தது குழந்தைகளின் பால்மாவில். தாய்ப்பாலில் இயல்பாகவே டி.எச்.ஏ. இருக்கிறது. பாசியிலிருந்து எடுத்ததைப் பால்மாவில் சேர்ப்பதை 2001-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. பிறந்த குழந்தைக்கே கொடுக்கும் பொருள் என்பதால் உங்கள் அம்மாவுக்கு இது அந்நியமான ரசாயனம் என்ற பயம் வேண்டாம்.

ஆளிவிதை சாப்பிட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். மராத்திக் குடும்பங்களில் ஜவஸ் சட்னி என்று பொடித்து வைத்திருப்பார்களே, அது அருமையான உணவு. நம் வீட்டுப் பருப்புப் பொடியோடு சேர்த்து அரைத்தால் இட்லிக்கும் நன்றாக இருக்கும். கண்டிப்பாகச் சாப்பிடட்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி பொடியில் ஏறக்குறைய 2 கிராம் ஏ.எல்.ஏ. இருக்கும். நம் உடல் அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குக்கு மேல் இ.பி.ஏ.யாக மாற்றுவதில்லை, டி.எச்.ஏ.யாக மாறுவது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஆக, 2 கிராமிலிருந்து கிடைப்பது இருநூறு மில்லிகிராமுக்கு உட்பட்ட இ.பி.ஏ.யும் மிகச் சொற்பமான டி.எச்.ஏ.யும். தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் டி.எச்.ஏ. குறைவாக இருப்பதன் காரணம் இதுதான். மீன் சாப்பிடுபவர் மத்தியும் அயிலையும் வாங்கிக்கொள்வார். உங்கள் அம்மாவுக்கு நேர்வழி என்று ஒன்று இருக்குமானால் அது பாசி மட்டும்தான்.

இனி, கொழுப்புக்கும் மூட்டு வீக்கத்துக்கும் என்ன உறவு என்பது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது. பொறுமையாகப் படியுங்கள்.

உடலின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. நாம் சாப்பிடும் எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள்தான் அந்தச் சவ்வில் செங்கல் போலப் பதிகின்றன. அவற்றுள் அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா-6 செங்கல் ஒன்று உண்டு. உடலுக்கு அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ, ஒரு நொதி அந்தச் செங்கல்லைப் பெயர்த்தெடுக்கிறது. மற்ற நொதிகள் அதைப் புரோஸ்டாகிளாண்டின், லியூக்கோட்ரயீன் என்ற சமிக்ஞைப் பொருள்களாக மாற்றுகின்றன. வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் இவற்றின் வேலை. ஆஸ்பிரின் வலியைக் குறைப்பது புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுத்துத்தான் என்று 1971-இல் ஜான் வேன் என்ற விஞ்ஞானி காட்டினார். அதற்காக 1982-இல் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் இருவரோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

சவ்வில் இ.பி.ஏ. அதிகம் பதிந்திருந்தால் என்ன ஆகிறது? அதே நொதிகள் அதையும் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அதிலிருந்து பிறக்கும் சமிக்ஞைகள் வீரியம் குறைந்தவை. தீயில் போட உலர்ந்த விறகுக்குப் பதில் ஈரவிறகு கிடைத்தது போல. இது கதையின் பாதி. மறுபாதி 2000-களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. அழற்சி தானாக அணைந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். பாஸ்டனில் சார்ல்ஸ் செர்ஹானின் குழு, அணைப்பதற்கென்றே உடல் தனியாகப் பொருள்கள் தயாரிக்கிறது என்று கண்டது. ரிசால்வின், புரொடெக்டின் என்று அவற்றுக்குப் பெயர். அவை எதிலிருந்து தயாராகின்றன தெரியுமா? இ.பி.ஏ.யிலிருந்தும் டி.எச்.ஏ.யிலிருந்தும். முடக்கு வாதம் என்பது அணைய மறுக்கும் அழற்சி. அணைக்கும் பொருளுக்கான மூலப்பொருளே உடலில் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் பாசி எண்ணெய்மீது எனக்கு மதிப்பு வந்தது.

ஆய்வகத்தில் அழகாக இருப்பது மனிதரிடம் நடக்குமா என்பதே அடுத்த சோதனை. அங்கே முடிவுகள் கலந்துதான் இருக்கின்றன, மறைக்காமல் சொல்கிறேன். மூட்டு அழற்சி உள்ளவர்களுக்கு ஒமேகா-3 கொடுத்த 17 சோதனைகளைத் தொகுத்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று, நான்கு மாதங்களில் மூட்டுவலி, காலை இறுக்கம், வலி மாத்திரையின் தேவை ஆகியவை குறைந்திருந்தன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் புதிதாக முடக்கு வாதம் கண்ட 140 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு மீனெண்ணெயும் கொடுத்தார்கள். நாளுக்கு 5.5 கிராம் ஒமேகா-3 பெற்றவர்களிடம் மருந்து பலனளிக்காமல் போவது குறைந்தது, நோய் அடங்குவது கூடியது. மருந்தோடு சேர்த்து என்பதைக் கவனியுங்கள்.

இவை மீனெண்ணெய். பாசியை மட்டும் வைத்துச் செய்த சோதனை ஜெர்மனியின் ஜெனா நகரில் நடந்தது, 2018-இல் வெளியானது. முடக்கு வாதம் உள்ள 38 பேர். சைசோகைட்ரியம் எண்ணெய் சேர்த்த உணவின் வழியாக நாளுக்கு 2.1 கிராம் டி.எச்.ஏ., பத்து வாரம். ஒப்பிடுவதற்கு இன்னொரு பத்து வாரம் சூரியகாந்தி எண்ணெய். எது எப்போது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. வலியும் வீக்கமுமான மூட்டுகளின் கூட்டு எண்ணிக்கை பாசி எண்ணெய்க் காலத்தில் சராசரியாக 14-லிருந்து 10 அளவுக்கு இறங்கியது. நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் 4.3-லிருந்து 3.9 ஆனது. சிறிய ஆய்வுதான், சிறிய இறக்கம்தான். ஆனால் காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாதவருக்கு நான்கு மூட்டுகள் என்பது சிறியதல்ல.

மறுபக்கத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நாளுக்கு ஒரு கிராம் ஒமேகா-3 கேப்ஸ்யூலை ஐந்தாண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள்; 2018-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் குறிப்பிடத்தக்க குறைவில்லை. ஒரு பகுதியினரின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளை அளந்ததில் அவையும் இறங்கவில்லை. நோயில்லாதவர் குறைந்த அளவில் சாப்பிடுவதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அழற்சி நோய் உள்ளவர், கிராம் கணக்கில், மாதக் கணக்கில் எடுத்தால் மிதமான பயன். இதற்குமேல் யாராவது வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

சுருள்பாசிப் பொடிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் அக்கறைக்குக் குறை சொல்ல மாட்டேன். பெயரில் பாசி இருப்பதால் வரும் குழப்பம் இது. சுருள்பாசி நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்கூடப் பெரிய அளவில் விளைகிறது, புரதம் நிறைந்தது. ஆனால் அதில் டி.எச்.ஏ. கிடையாது என்றே சொல்லிவிடலாம். குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியும் அப்படித்தான். மேலும், சுருள்பாசி எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியது. உடல் தன்னையே தாக்கும் நோய் உள்ள சிலருக்கு அதைச் சாப்பிட்ட பிறகு நோய் கிளர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. முடக்கு வாதமும் அந்த வகை நோய்தான். அம்மாவுக்கு அது வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புட்டி. முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் டி.எச்.ஏ. இவ்வளவு, இ.பி.ஏ. இவ்வளவு என்று தனித்தனியாக மில்லிகிராமில் இருக்கும். 500 மில்லிகிராம் எண்ணெயில் டி.எச்.ஏ. 40 விழுக்காடு என்றால் கிடைப்பது 200 மில்லிகிராம். ஜெனா ஆய்வின் அளவை எட்ட அப்படிப்பட்ட கேப்ஸ்யூல் பத்துக்குமேல் வேண்டும். நாளுக்கு ஒன்று சாப்பிட்டுவிட்டு ஒரு மாதத்தில் பலனில்லை என்று புட்டியைத் தூக்கிப்போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தில் குறையில்லை, அளவில்தான் குறை. அடர்த்தி கூடியதாக, அல்லது கரண்டியால் அளந்து ஊற்றும் திரவமாகக் கிடைத்தால் பணமும் விழுங்கும் சிரமமும் மிச்சம்.

கேப்ஸ்யூலின் உறையையும் பாருங்கள். எண்ணெய் பாசியாக இருந்தாலும் உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுத்தது. இங்கே விற்பவற்றில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளிநாட்டுப் புட்டியில் அந்தக் குறி இருக்காது, உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அடுத்து, ஊசிப்போதல். டி.எச்.ஏ. மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் காற்றும் சூடும் நுழையும் ஓட்டை. மும்பையின் மே மாதத்தில் அடுப்பங்கரை அலமாரியில் வைத்தால் தாங்காது. ஒரு கடையில் வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த புட்டியை வாங்கி வந்து, பிரித்து முகர்ந்ததும் பழைய வண்ணப்பூச்சு வாடை அடித்தது எனக்கு. ஒரு கேப்ஸ்யூலைக் குத்திப் பாருங்கள். லேசான கடல் வாடை இருக்கலாம்; காறலான வாடை அடித்தால் வேண்டாம். பிரித்த புட்டி குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். இந்த எண்ணெயில் தாளிக்கவோ சூடான குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிடவோ கூடாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது. மதியச் சாப்பாட்டின் நெய்யோடும் பொரியலோடும் போகட்டும்.

சமையல் எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. சூரியகாந்தி எண்ணெய்தான் அழற்சிக்குக் காரணம் என்ற பேச்சு இப்போது அதிகம். மனிதரிடம் செய்த சோதனைகளில் ஒமேகா-6 கூடியதால் அழற்சிக் குறியீடுகள் கூடவில்லை. ஆளிவிதையின் ஏ.எல்.ஏ. நீண்ட கொழுப்பாக மாறுவதற்கு வேண்டிய நொதியை அது பங்குபோட்டுக்கொள்ளும், அவ்வளவே. ஒரே எண்ணெயில் நிற்காமல் கடலையெண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் கடுகு எண்ணெய் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அளவுக்கு வருவோம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் டி.எச்.ஏ. மட்டும் என்றால் நாளுக்கு ஒரு கிராம் வரையிலும், இ.பி.ஏ.யும் சேர்த்து என்றால் 5 கிராம் வரையிலும் பெரியவர்களுக்குக் கவலை இல்லை என்று 2012-இல் சொன்னது. நானாக இருந்தால் அரை கிராமில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்து, இரண்டு வாரத்தில் ஒரு கிராமுக்குக் கொண்டுபோவேன். அதற்குமேல் 2 கிராம் வரை போவதை மூட்டு மருத்துவரிடம் கேட்டே செய்வேன். "சாப்பிடுங்கள், கெடுதல் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வராதீர்கள். இத்தனை மில்லிகிராம் கொடுக்கப்போகிறேன் என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். அம்மா ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ ஆஸ்பிரினோ சாப்பிட்டால் அதைச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போனது எப்போதாவது உண்டென்றால் கட்டாயம் சொல்லுங்கள். கூடிய அளவு ஒமேகா-3 அந்தத் தொல்லையைச் சற்றுக் கூட்டுவதாகப் பெரிய சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை ஏதும் திட்டமிட்டிருந்தால் அதையும்.

பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பழைய செங்கற்களில் பெரும்பகுதி போய்ப் புதியவை பதிய மூன்று மாதமாவது வேண்டும். தொடங்கும் நாளில் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இரண்டையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி. அந்தச் சமயத்தில் சளியோ காய்ச்சலோ இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், இல்லாவிட்டால் எண்கள் ஏமாற்றும். இந்த மூன்று மாதத்தில் வேறு புதிய மருந்தையோ பொடியையோ சேர்க்காதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

வீட்டுக்குள் அளக்க ஒரு வழி இருக்கிறது. அம்மாவின் நாட்காட்டியில் தினமும் காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் சரம் வாங்காமல் உதிரி மல்லிகை வாங்குங்கள். அவரால் முடிகிற அளவு தொடுக்கட்டும், வலித்ததும் நிறுத்திவிடட்டும், மீதியை நீங்கள் தொடுத்து முடியுங்கள். அவர் தொடுத்த பங்கு எத்தனை விரற்கடை என்று அந்தத் தேதிக்குக் கீழே குறித்து வையுங்கள். பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை எனக்கு அந்த எண்களை அனுப்புங்கள். அளவைக் கூட்டுவதா, இப்படியே விடுவதா, நிறுத்திவிடுவதா என்று மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்பதை அப்போது சேர்ந்து பார்ப்போம்.